காணாமல் போன பார்சலைக் கண்டுபிடிப்பது எப்படி?

‘என் பார்சல் எங்கே?’ என்று கேட்டால் ‘வந்துகொண்டிருக்கிறது சார், 48 மணி நேரத்தில் கிடைத்துவிடும்’ என்ற பதில்தான் வரும். கஸ்டமர் கேரில் போனை எடுப்பவர் பார்ப்பதும் பெரும்பாலும் உங்கள் போனில் தெரியும் அதே டிராக்கிங் திரையைத்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். ‘கடைசியாக எந்த ஆபீஸில், எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது? அடுத்த ஸ்கேன் எங்கே நடந்திருக்க வேண்டும்?’ இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஊர் இருக்கும், ஓர் ஆபீஸ் இருக்கும், அந்த ஷிப்டில் மூட்டையை வாங்கி வைத்த ஓர் ஆளும் இருப்பார். தொலைந்த பார்சலைத் தேடுவது என்றால் கடைசி ஸ்கேன் நடந்த இடத்தைப் பிடிப்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தபால், தனியார் கூரியர், லாரி ஆபீஸ், ஆன்லைன் கடை என்று ஒவ்வொன்றுக்கும் புகார் போகும் பாதை வேறு. முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

1. புக் செய்த ரசீதின் போட்டோ. பல கவுன்டர்களில் ரசீது தெர்மல் தாளில்தான் வருகிறது. பர்ஸில் சில வாரம் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும். ரசீதை வாங்கியதும் கவுன்டரிலேயே நின்று படம் எடுத்துவிடுங்கள்.
2. டிராக்கிங் எண். தபாலில் இது 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.’ விரைவு அஞ்சல் எண் ‘இ’ எழுத்தில் தொடங்கும். கூரியர்காரர்கள் இதை ஏ.டபிள்யூ.பி. நம்பர், டாக்கெட் நம்பர் என்பார்கள். லாரி ஆபீஸில் எல்.ஆர். நம்பர்.
3. ஆன்லைன் ஆர்டர் என்றால், ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். ‘14ஆம் தேதி கிடைக்கும்’ என்று காட்டிய தேதி, தாமதமானதும் சத்தமில்லாமல் 19 ஆகிவிடும். முதலில் என்ன சொன்னார்கள் என்பதற்கு உங்களிடம் மட்டும்தான் சாட்சி இருக்கும்.
4. ரசீதில் அச்சாகியிருக்கும் எடை. இதன் பயன் பின்னால் வரும்.
5. பொருளின் விலைக்கான பில்.

டிராக்கிங் வரிகளை எப்படிப் படிப்பது?

பலரும் கடைசியாகப் பதிவான வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முழுப் பட்டியலையும் கீழிருந்து மேலாக, பார்சல் பயணித்த வரிசையிலேயே படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஊர், ஒரு நேரம். வாங்கியதற்கு ஒரு வரி இருந்தால் அனுப்பியதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். இந்த ஜோடி எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் பார்சலும் நிற்கிறது.

*‘பேக்டு’, ‘பேக் டெஸ்பாட்ச்டு’:* தபாலில் உங்கள் பொருள் ஒரு பெரிய பையில் போடப்பட்டு, அந்தப் பைக்குத் தனி எண் தரப்பட்டுவிட்டது. இனி பையைத்தான் ஸ்கேன் செய்வார்கள். பை திறக்கப்படும்வரை உங்கள் எண் அசையாது. ஒன்றிரண்டு நாள் அசையாமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பை போய்ச் சேர்ந்ததாகக் காட்டிய பிறகும் உங்கள் எண் ‘ரிசீவ்டு’ ஆகவில்லை என்றால் அதுதான் புகாருக்குரிய இடம்.

*ஊர் மாறிப் போவது:* மதுரைக்குப் போக வேண்டியது கோயம்புத்தூரில் ஸ்கேன் ஆகியிருந்தால் அது தொலையவில்லை, வழி தவறியிருக்கிறது. பெரும்பாலும் தானாகத் திரும்பும், நாள்தான் போகும். காரணத்தைத் தேடினால் பல நேரம் பின்கோடில் போய் நிற்கும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதல் மூன்று இலக்கம் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். 625 என்றால் மதுரைப் பக்கம், 641 என்றால் கோவைப் பக்கம். முதல் மூன்றில் ஓர் இலக்கம் பிசகினால் பார்சல் வேறு மாவட்டத்துக்கே போய்விடும். கடைசி இலக்கம் பிசகினால் பக்கத்து ஊருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊருக்கு ஊர் ஒரு காந்தி நகர், ஒரு புதூர், ஒரு நல்லூர் இருக்கும் தமிழ்நாட்டில் முகவரியின் மற்ற வரிகளை நம்பி யாரும் திருத்தி அனுப்ப மாட்டார்கள்.

*‘டோர் லாக்டு’, ‘கஸ்டமர் நாட் அவைலபிள்’:* வீட்டில் ஆள் இருந்தும் இப்படி வருவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அன்றைய மூட்டையில் மிஞ்சியதற்கு ஏதாவது ஒரு காரணம் போட்டால்தான் கணக்கு முடியும். பார்சலுக்கு இத்தனை என்று கூலி வாங்கி, இருட்டும்வரை பைக்கில் அலையும் பையனைத் திட்டிப் பயனில்லை. ஆனால் பதிலடி தர ஒரு வழி உண்டு: அன்றே, அதே நேரத்தைக் குறிப்பிட்டு, ‘நான் வீட்டில்தான் இருந்தேன், எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை’ என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். போனின் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘மூன்று முறை வந்தோம், வாங்கவில்லை’ என்று பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

*‘ஆர்.டி.ஓ.’:* வாகனம் பதிவு செய்யும் ஆபீஸ் இல்லை. அனுப்பிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதன் சுருக்கம். இது வந்துவிட்டால் கூரியரிடம் மல்லுக்கட்டுவது வீண். அனுப்பியவரிடம் பேசி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஆன்லைன் ஆர்டர் என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

முதல் இரண்டு நாள்: வரிசை மாறாமல் செய்ய வேண்டியவை

1. உண்மையிலேயே தாமதம்தானா என்று பாருங்கள். ஞாயிறையும் அரசு விடுமுறையையும் கழித்துக் கணக்கிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம், பொங்கல் வாரம், ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழை கொட்டும் நாட்கள் ஆகியவற்றுக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நாள் விடலாம்.

2. கொடுத்த முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பின்கோடு, போன் நம்பர், கதவு எண். ஆன்லைன் கடையில் பழைய வாடகை வீட்டு முகவரி அப்படியே கிடப்பது அடிக்கடி நடப்பது.

3. டிராக்கிங் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும்.

4. வாட்ச்மேன், எதிர் வீடு, கீழ்க்கடை, மாடி வீட்டுக்காரர் என்று எல்லோரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கூச்சம் வேண்டாம். ‘தொலைந்த’ பார்சல் சிலது மளிகைக் கடைக் கல்லாவுக்கு அடியில்தான் இருக்கும்.

5. பட்டுவாடா செய்யும் ஆபீஸுக்கு நேரில் போங்கள். காலையில், ஆட்கள் மூட்டையோடு கிளம்பும் முன் போக வேண்டும். மதியம் போனால் பூட்டிய ஷட்டரையோ தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரையோதான் பார்ப்பீர்கள். தபால் என்றால் ஒரு விஷயம் கவனியுங்கள்: நகரங்களில் பார்சல் பட்டுவாடாவுக்கென்று தனி மையங்கள் இருக்கின்றன. நீங்கள் வழக்கமாக மணியார்டர் அனுப்பும் தபால் ஆபீஸில் உங்கள் பார்சல் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘இந்தப் பின்கோடுக்கு பார்சல் எங்கிருந்து கிளம்புகிறது?’ என்று கேட்டுக்கொண்டு போங்கள். அடையாள அட்டையும் டிராக்கிங் எண்ணும் கையில் இருக்கட்டும்.

6. நேரில் கிடைக்கவில்லையா? அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். ‘பார்த்துச் சொல்றோம்’ என்பது புகார் எண் ஆகாது.

> குறிப்பு: போனில் பேசினால் பேசி முடித்த கையோடு, ‘இன்று காலை 11.20க்கு உங்கள் கஸ்டமர் கேரில் பேசினேன், நாளை மாலைக்குள் வரும் என்றார்கள்’ என்று ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அவர்களுக்கே அனுப்பி வையுங்கள். வாய்ப்பேச்சு காகிதமாகிவிடும்.

யார் கேட்க வேண்டும்?

இதில்தான் பலர் வாரக்கணக்கில் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஆன்லைனில் வாங்கிய பொருள் வரவில்லை என்றால் கூரியர் ஆபீஸில் போய் நிற்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் காசு கொடுத்தது கடைக்கு. கூரியரை அமர்த்தியது கடை. ‘கூரியரிடம் கேளுங்கள்’ என்று கடை கைகழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘உங்களிடம்தான் வாங்கினேன், பொருளைக் கொடுங்கள், இல்லை பணத்தைக் கொடுங்கள்’ என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத்தில் சொல்லுங்கள். நேரில் போய்த் தேடுவது பொருள் சீக்கிரம் கிடைக்கட்டும் என்பதற்காக மட்டும்.

உறவினரோ நண்பரோ அனுப்பியது என்றால் நிலைமை வேறு. கூரியருக்கும் தபாலுக்கும் அனுப்பியவர்தான் வாடிக்கையாளர். ரசீதும் அவரிடம்தான் இருக்கிறது, இழப்பீடு வந்தாலும் அவருக்குத்தான் போகும். ஆகவே புகாரை அவர் பெயரில், அவர் புக் செய்த ஊரில் தொடங்குங்கள். சேலத்திலிருந்து அத்தை அனுப்பிய முறுக்கு டப்பாவுக்காக நீங்கள் சென்னையில் கத்துவதைவிட, அத்தை ரசீதோடு சேலத்துக் கவுன்டரில் போய் நிற்பதற்கு மதிப்பு அதிகம்.

தபாலில் தொலைந்தால்

1. இந்திய அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868. இங்கோ, துறையின் இணையதளத்திலோ, எந்த அஞ்சலகத்திலுமோ புகாரைப் பதிவு செய்யலாம். புகார் எண் கேட்டு வாங்குங்கள்.
2. ஒரு வாரத்தில் உருப்படியான பதில் இல்லையென்றால் உங்கள் கோட்டத்தின் அஞ்சல் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். கடைசி ஸ்கேன் நடந்த இடத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.
3. அதற்கும் மசியவில்லை என்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளத்தில் அஞ்சல் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். 2024இல் வந்த வழிகாட்டுதலின்படி இங்கே வரும் புகார்களை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும். கீழ்மட்டத்தில் தூங்கிய கோப்பு இங்கே போனதும் விழித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.
4. அஞ்சல் துறை அவ்வப்போது நடத்தும் குறைதீர்ப்பு முகாம்களும் உண்டு. ‘டாக் அதாலத்’ என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும். முன்கூட்டியே மனு அனுப்ப வேண்டும். நேரில் போய் மனு நீட்டுவது அல்ல.
5. ‘விசாரணையில் இருக்கிறது’ என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். கட்டணம் 10 ரூபாய். ‘என் பார்சல் எங்கே?’ என்று இதிலும் கேட்காதீர்கள். ‘இந்த எண்ணுள்ள பொருள் இன்ன தேதியில் எந்தப் பையில் அனுப்பப்பட்டது, அந்தப் பையை வாங்கியதற்கான பதிவேட்டின் நகல், பட்டுவாடா ஆனதற்கான கையெழுத்தின் நகல் தரவும்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றி ஆசை வளர்த்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. 1898ஆம் ஆண்டின் பழைய அஞ்சல் சட்டம், பொருள் தொலைந்தாலும் தாமதமானாலும் துறைக்குப் பொறுப்பில்லை என்றது. விதிகளில் ஏற்றுக்கொண்ட அளவு மட்டுமே விதிவிலக்கு. அதற்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டமும் இந்தக் கவசத்தைக் கழற்றவில்லை. விரைவு அஞ்சலில் நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு இது: தாமதமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 60 ரூபாய்க்கு அனுப்பிய கவர் தொலைந்தால் 120 ரூபாய். உள்ளே இருந்தது பட்டுப்புடவையா பழைய செய்தித்தாளா என்பது கணக்கில் வராது. விலை உயர்ந்ததை அனுப்புகிறவர் புக் செய்யும்போதே காப்பீடு கேட்டுப் போட்டால்தான் உண்டு. இன்றைய விதியையும் கட்டணத்தையும் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவுத் தபால் என்ற பழைய சேவை 2025இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. இப்போது ‘பதிவு’ என்பது விரைவு அஞ்சலின் மேல் தனியாகக் கேட்டு வாங்கும் வசதி. கேட்காமல் விட்டால் அந்த முகவரியில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம். சான்றிதழ், பத்திரம், வக்கீல் நோட்டீஸ் போன்றவற்றுக்கு ‘பதிவு வேணும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓடிபி சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதியும் இருக்கிறது.

கூரியரிலும் லாரி ஆபீஸிலும் தொலைந்தால்

தனியார் கூரியரில் புகார் மூன்று படி ஏறும்: புக் செய்த கிளை, மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம். கிளை என்று நாம் நினைப்பது பல இடங்களில் ஏஜென்ஸி எடுத்து நடத்தும் ஒரு ஜெராக்ஸ் கடை. அவரால் ஓரளவுக்குத்தான் தேட முடியும். ஆகவே இரண்டாம் நாளே தலைமை அலுவலக மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

சட்டத்தில் இவர்களைக் கட்டுப்படுத்துவது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். லாரி ஆபீஸ் மட்டுமல்ல, கூரியர் நிறுவனங்களும் இதற்குள் வரும். இதில் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, பணம். பொருளின் மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். 150 ரூபாய் வாடகையில் 40,000 ரூபாய் ஜவுளி மூட்டையை அனுப்பி, மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அதிகபட்சம் 1,500 ரூபாய்தான். ஜி.எஸ்.டி.க்குப் பயந்து மதிப்பைக் குறைத்துப் போடுகிறவர்களுக்கு அந்தக் குறைந்த மதிப்பே எல்லை ஆகிவிடும்.

இரண்டாவது, நாள். இந்தச் சட்டப்படி வழக்குக்குப் போக வேண்டுமானால் புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். தொலைந்த தேதியிலிருந்து அல்ல. ‘தேடிக்கிட்டே இருக்கோம் அண்ணா’ என்று ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டால் கதவு மூடிவிடும். சந்தேகம் வந்த முதல் மாதமே, ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘எங்கள் பொறுப்பு 100 ரூபாய்க்கு மட்டும்’ என்ற மாதிரி அதில் இருக்கும். அது செல்லுமா? 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் இருந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தும் என்றது. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணக் கவர் சேராததற்கு 4 லட்சத்துக்கு மேல் கேட்டவருக்கு, ரசீதில் இருந்த 100 டாலர்தான் கிடைத்தது. அதே சமயம், கையெழுத்தும் வாங்காமல், விளக்கியும் சொல்லாமல் பின்பக்கம் அச்சடித்ததை நுகர்வோர் ஆணையங்கள் ஒதுக்கித் தள்ளிய தீர்ப்புகளும் உண்டு. கூரியர் கவுன்டரில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் திருப்பிப் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

‘டெலிவர்டு’ என்று காட்டுகிறது, கைக்கு வரவில்லை

இருப்பதிலேயே எரிச்சலான நிலைமை இது. இதில் நேரம்தான் எல்லாம்.

1. அரை மணி நேரத்துக்குள் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டு முடியுங்கள்.
2. அன்றே புகார். மறுநாள் சொன்னால், ‘நேற்று ஏன் சொல்லவில்லை?’ என்பதே அவர்கள் வாதம் ஆகிவிடும்.
3. பட்டுவாடா ஆதாரத்தைக் கேளுங்கள். கூரியரில் இதை பி.ஓ.டி. என்பார்கள். வாங்கியவர் பெயர், கையெழுத்து, போட்டோ, ஓடிபி பதிந்த நேரம், முடிந்தால் ஸ்கேன் செய்த இடத்தின் வரைபடக் குறி. கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் உங்கள் பான் அட்டையில் உள்ள கையெழுத்தின் பிரதியோடு ஒப்பிட்டு மறுத்து எழுதுங்கள்.
4. அபார்ட்மென்ட் என்றால் கேட்டிலுள்ள சிசிடிவி பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பல கேமராக்களில் சில நாளிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.
5. விலை அதிகமான பொருள் என்றால் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கடைக்கு அனுப்பும் அடுத்த மின்னஞ்சலில் அதை இணைத்தால் பதிலின் தொனியே மாறும்.

பெட்டி வந்தும் உள்ளே பொருள் இல்லை, அல்லது சோப்புக்கட்டி இருக்கிறது என்றால்? இங்கேதான் எடை கை கொடுக்கும். ரசீதில் 1 கிலோ 250 கிராம், கையில் வந்தது 800 கிராம் என்றால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள். டேப் மாறியிருந்தாலோ மூலை நசுங்கியிருந்தாலோ கையெழுத்துப் போடும் முன் அதை எழுதிவிட்டுப் போடுங்கள். தபாலில் சேதமான பதிவுப் பொருள் வந்தால் அஞ்சலகத்தில் அதிகாரி முன்னிலையில் பிரித்துத் தரச் சொல்ல முடியும். ‘ஓபன் டெலிவரி வேணும்’ என்று கேளுங்கள். வீட்டில் பிரிக்கும்போது ஒட்டிய லேபிள் தெரியும்படி தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

புகார்க் கடிதம்: இப்படி எழுதினால் போதும்

கோபம், மனவேதனை, ‘உங்கள் நிறுவனத்தின் நற்பெயர்’ எதுவும் முதல் கடிதத்தில் வேண்டாம். படிப்பவர் அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

> பொருள்: டிராக்கிங் எண் ______ — பட்டுவாடா ஆகாதது குறித்து.
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட பார்சல் ______ தேதியில் ______ கிளையில் புக் செய்யப்பட்டது. எடை ______. கட்டணம் ரூ. ______. உள்ளே இருந்த பொருள் ______, மதிப்பு ரூ. ______ (பில் நகல் இணைப்பு).
>
> உங்கள் டிராக்கிங் பதிவின்படி கடைசி ஸ்கேன் ______ அலுவலகத்தில் ______ தேதி ______ மணிக்கு நடந்துள்ளது. அதன் பின் எந்தப் பதிவும் இல்லை.
>
> ______ தேதியில் அளித்த புகாரின் எண் ______. இதுவரை தீர்வு இல்லை.
>
> இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பார்சலை ஒப்படைக்கவோ, பொருளின் மதிப்பையும் கட்டணத்தையும் திருப்பித் தரவோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

மின்னஞ்சலில் ஒன்று, தபாலில் ஒன்று. கூரியர் மேல் புகாரைக் கூரியரில் அனுப்பாதீர்கள்.

அடுத்த படி: வெளியே போவது

ஆன்லைன் கடைகளுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளை, ‘வேண்டாம், பணம் கொடுங்கள்’ என்று திருப்பினால் விற்பவர் மறுக்கக் கூடாது. புயல், வெள்ளம் போல யார் கையிலும் இல்லாத காரணம் மட்டுமே விலக்கு. ஆர்டர் அன்று ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். சாட்பாக்ஸில் மாறி மாறிப் பேசுவதை விட்டுவிட்டு, தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தக் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் ‘பொருள் வரவில்லை’ என்று சார்ஜ்பேக் கேட்கலாம். அதற்குக் கெடு உண்டு. கடையின் சாக்குகளைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

பிறகு 1915. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண். தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் இல்லை. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும் இடம். பெரிய நிறுவனங்கள் பலவும் இங்கே வந்ததும் இறங்கி வந்துவிடும்.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. 300 ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் 1915 வரை போங்கள். அதற்கு மேல் பொருளின் விலையையும் உங்கள் நேரத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அஞ்சல் துறை மேல் வழக்கு என்றால் மேலே சொன்ன சட்டக் கவசத்தையும் கணக்கில் வையுங்கள்.

எச்சரிக்கை: பார்சலுக்குக் காத்திருப்பவரைக் குறிவைப்பவர்கள்

காத்திருக்கும் ஆளை ஏமாற்றுவது எளிது. எந்தச் செய்தி வந்தாலும் நம் பார்சலாகத்தான் தோன்றும்.

- ‘உங்கள் பார்சல் கிடங்கில் இருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்கில் 24 மணி நேரத்துக்குள் திருத்துங்கள்’ என்று இந்திய அஞ்சல் பெயரில் வரும் குறுஞ்செய்தி போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே பல முறை அறிவித்திருக்கிறது. முகவரியைத் திருத்த 5 ரூபாய் கேட்பார்கள். வாங்குவது உங்கள் கார்டு விவரத்தை.
- கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வந்ததை அழைக்காதீர்கள். ரசீதில் அச்சான எண், அல்லது நிறுவனத்தின் சொந்தச் செயலியில் உள்ள எண் மட்டும்.
- ‘டெலிவரி பாய் பேசுகிறேன், இந்த எண்ணை டயல் பண்ணுங்க’ என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒன்றைச் சொன்னால் வைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புகளை, ஓடிபி சொல்லும் அழைப்பு உட்பட, வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரம் அது. ஏற்கெனவே டயல் செய்துவிட்டால் ##002# என்று அடித்து ரத்து செய்யுங்கள்.
- பொருளைக் கண்ணால் பார்க்கும் முன் டெலிவரி ஓடிபியைப் போனில் சொல்லாதீர்கள். சொன்ன நொடியே கணக்கில் அது ‘டெலிவர்டு’.
- ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, சிபிஐ விசாரணை’ என்று வீடியோ காலில் யூனிஃபார்மோடு ஒருவர் வந்தால் அது நாடகம். ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் எதுவும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

அடுத்த முறை நீங்கள் அனுப்பும்போது

பெட்டியின் மேல் மட்டுமல்ல, உள்ளேயும் ஒரு துண்டுச் சீட்டில் இரு முகவரியும் போன் எண்ணும் எழுதிப் போடுங்கள். வெளி லேபிள் மழையில் கிழிந்தால் அஞ்சல் துறையில் பட்டுவாடா செய்ய முடியாததைப் பிரித்துப் பார்க்கும் பிரிவு அந்தச் சீட்டைத்தான் தேடும். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் முந்தைய பார்கோடுகளைச் சுரண்டி எடுங்கள். ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஊறுகாய், எண்ணெய் டப்பாவை இரண்டு பாலித்தீன் கவரில் தனித்தனியாகக் கட்டி, நடுவில் செய்தித்தாள் சுற்றுங்கள். ஒரு பாட்டில் கசிந்தால் அந்தப் பையில் இருக்கும் எல்லோருடைய பார்சலும் பாழ். பட்டாசு, தீப்பெட்டி, பெட்ரோல் பண்டம் எதிலும் அனுப்பக் கூடாது. பவர் பேங்க் வைத்த பெட்டி என்றால் கவுன்டரில் சொல்லிவிடுங்கள். விமானத்தில் ஏற்ற மறுத்து இடையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அசல் மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கு முன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். ரூபாய் நோட்டைக் கவரில் வைத்து அனுப்பாதீர்கள். தங்கத்தை அனுப்புவதைவிடப் பேருந்து ஏறிப் போய் நீங்களே கொடுத்துவிட்டு வருவது மேல்.